டெபியன் ஸ்டேபிளில் டெஸ்டிங் பொதி: போடலாமா, வேண்டாமா?

ஹட்டன் தம்பி:
அண்ணாமாரே, எங்கள் டியூஷன் வகுப்பில் ஐந்து பழைய கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன் நிலையான பதிப்பான ஸ்டேபிள். படம் வரையும் மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு, அடுத்த டெபியனுக்காகச் சோதனையில் இருக்கும் டெஸ்டிங்கில்தான் இருக்கிறது. அந்த மென்பொருள் பொதியை மட்டும் எடுத்துப் போடலாமா?

தலவாக்கலை:
தாராளமாக. பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலில் டெஸ்டிங் வரியைச் சேர்க்கும்போதே அதன் முன்னுரிமை எண்ணை 100 என்று குறித்துவிடுங்கள் (இதைத்தான் pin என்பார்கள்). விட்டுவிட்டால் இரண்டுக்கும் ஒரே 500தான். எது புதிதோ அது வரும், அடுத்த அப்கிரேடில் மொத்தக் கணினியும் டெஸ்டிங்காகிவிடும். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு கோளாறும் இல்லை.

பண்டாரவளை:
வேண்டாம் தம்பி. அந்த "மட்டும்" என்ற சொல்லை நம்பித்தான் நானும் விழுந்தேன். முன்னுரிமை எண்ணைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆனால் எடுத்த பொதி லிப்சி6 (libc6) என்ற அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்டது. கணினியில் ஏறக்குறைய எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதன் பின்னால் மற்ற நூலகங்களும் வரிசையாக வந்தன. பழையவற்றோடு ஒத்துப்போகாமல் டெஸ்க்டாப்பையே கழற்றப் போவதாக, பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் சொன்னது. வெளியே அடைமழை, கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். பட்டியலைப் படிக்காமல், சரி என்று ஒய் (Y) அடித்தேன். காலையில் கறுப்புத் திரை, லாகின் கேட்கும் ஒரு வரி, அவ்வளவுதான். பழைய பதிப்புக்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதே இல்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முதலிலிருந்து நிறுவினேன்.

தலவாக்கலை:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எதைக் கழற்றும் என்று ஆப்ட் காட்டத்தானே செய்தது? நிறுவுவதற்கு முன் ஒத்திகை ஓட்டிப் பார்த்தால் போதும்.

பண்டாரவளை:
காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். சரி, அப்புறம்? ஸ்டேபிளின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. டெஸ்டிங்குக்கு அவை பெரும்பாலும், புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் வழியாக, சில நாள் பிந்தித்தான் வரும். பிள்ளைகள் தொடும் கணினியில் அது எதற்கு? பேக்போர்ட்ஸில் தேடுங்கள் தம்பி. டெஸ்டிங் பொதியையே ஸ்டேபிளுக்கு ஏற்றபடி மறுபடி கட்டி (கம்பைல் செய்து) அங்கே தருகிறார்கள்.

தலவாக்கலை:
அங்கே எல்லாம் கிடைக்காது. யாராவது பொறுப்பெடுத்துக் கட்டினால்தான் உண்டு.

ஹட்டன் தம்பி:
இரண்டையும் பார்த்தேன். பேக்போர்ட்ஸில் இல்லை. ஒத்திகையில் லிப்சி6 வருகிறது, டெஸ்க்டாப் பொதிகள் சிலவும் கழறுகின்றன. அதனால் டெஸ்டிங்கின் மூலப் பொதியை (நிரல் மூலம் உள்ள பொதி) மட்டும் இறக்கி, ஒரு கணினியில் நானே ஸ்டேபிளுக்குக் கட்டிப் பார்க்கப் போகிறேன். மற்ற நான்கிலும் கை வைக்கவில்லை, சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது.