'சின்ன சிக்கல்' என்று சொல்வது நிதானமா, மழுப்பலா?

கடலோடி:
1982 ஜூன் 24. லண்டனில் கிளம்பி பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747. ஜாவா அருகே கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் சொன்னது: "நமக்கு ஒரு சின்ன சிக்கல். நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன." எஞ்சின்கள் திரும்ப உயிர்பெற்று, எல்லாரும் பத்திரமாக ஜகார்த்தாவில் இறங்கினார்கள். ஆங்கிலேயரின் இந்த அடக்கி வாசிப்பை நக்கலடிப்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

வேப்பமரம்:
சொல்கிறேன். கொரியப் போர், 1951 ஏப்ரல், இம்ஜின் ஆறு. பிரிட்டனின் குளோஸ்டர் படையினரைச் சீனப் படை சூழ்ந்துவிட்டது. பிரிகேடியர் பிரோடி அமெரிக்க மேலதிகாரியிடம், நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்றாராம். கொஞ்சம் இக்கட்டு, அவ்வளவுதான்! சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் நினைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

கடலோடி:
ஒரு சொல்லாலா ஒரு படை விழும்? எதிரி எத்தனை மடங்கு என்று பாருங்கள் ஐயா.

வேப்பமரம்:
படை விழுந்ததற்குச் சொல் காரணம் என்று நான் சொல்லவே இல்லை. உதவி கேட்கவேண்டிய இடத்தில் கேட்டமாதிரியே இல்லை என்கிறேன்.

செவ்வந்தி:
ரெண்டு பேருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. கேப்டன் மூடி 'சின்ன சிக்கல்' என்றதோடு நிற்கவில்லை, அடுத்த மூச்சிலேயே எஞ்சின் கணக்கையும் சொல்லிவிட்டார். பிரோடியிடம் அந்த இரண்டாவது வாக்கியம் இல்லை. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா விமானத்திலும் அதேதான். எரிபொருள் தீர்கிறது என்றார்கள், 'ப்ரயாரிட்டி', அதாவது முன்னுரிமை கேட்டார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல் மட்டும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவே இல்லை. 73 பேர் செத்தார்கள்.

கடலோடி:
அவர்கள் கொலம்பியர்கள். ஆங்கிலேயர் பழக்கத்தை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

செவ்வந்தி:
யார் பழக்கமானால் என்ன, கேட்பவர் காதில் என்ன விழுகிறது என்பதுதானே கேள்வி.

மொட்டைமாடி:
போர், விமானமெல்லாம் எதற்கு? ஐடிக்கு வாருங்கள். செய்யவேண்டிய வேலையைப் பதியும் டிக்கெட்டில் 'நான்-ட்ரிவியல்', அதாவது அவ்வளவு எளிதல்ல என்று ஒருவர் எழுதுவார். மேனேஜர் அதை ரெண்டு நாள் வேலை என்று படிப்பார். எழுதியவர் மனதில் இருப்பதோ ரெண்டு மாதம். உள்ளே போய்ப் பார்த்தால் பழைய நிரல், அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார்.

கடலோடி:
அப்படியென்றால் பக்கத்திலேயே நாள் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். சொல்லின் மேல் ஏன் பழி?

மொட்டைமாடி:
நாள் கணக்கு தெரியாததால்தானே சார் அந்தச் சொல்லையே எழுதுகிறார்கள்!