பதில்: புது ஒலிபெருக்கிக்குப் பணம் / அட்வெந்து ஆராதனை

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

பொருளாளர் அத்தானின் மடலைப் படித்தேன். கோயிலுக்குப் புது ஒலிபெருக்கியும் கீபோர்டும் வாங்க வெளியில் இருக்கும் நாமெல்லாம் கொடுக்க வேண்டுமாம். கொடுக்கலாம். ஆனால் அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் காலம்) முதல் ஞாயிறு ஆராதனையில் நேரில் உட்கார்ந்துவிட்டு வந்தவள் நான். பார்த்ததைச் சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்ப மனசு ஒப்பவில்லை.

நான் போய் உட்காரும்போதே ஒலிபெருக்கியில் பாலகன் பிறந்து, மேய்ப்பர்கள் வந்து, சாஸ்திரிகளும் கிளம்பிவிட்டார்கள். இன்னும் நாலு வாரம் இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த சித்தியிடம் கேட்டேன். "இப்போ எல்லாம் அப்படித்தான், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்குது" என்றார். அப்புறம் வேதபாடம். பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் என்று அட்டவணையில் நாலுக்கும் இடம் இருக்கிறது. வாசித்தது ஒன்றே ஒன்று, ரோமர் 13. ஒரு சின்னப் பையன், நன்றாகத்தான் வாசித்தான். "இரவு சென்றுபோயிற்று" என்றதுமே கீபோர்டில் சன்னமாக ஒரு மணிச்சத்தம் ஓட ஆரம்பித்தது. "பகல் சமீபமாயிற்று" என்று அவன் சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் ஒரு நொடி நிறுத்தி, கீபோர்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வேகவேகமாக வாசித்து முடித்து இறங்கிவிட்டான்.

அந்தப் பையனின் முகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வந்தவரைக் கொண்டாடும் பாட்டு வேறு, வரப்போகிறவருக்குக் காத்திருக்கும் பாட்டு வேறு. இசையமைப்பாளர் பாக் இருந்த ஜெர்மனியின் லைப்சிக்கில் அட்வெந்து முதல் ஞாயிறுக்கு மட்டும்தான் கான்டாட்டா, அதாவது வாத்தியங்களோடு குரல்கள் பாடும் ஆராதனை இசை. அடுத்த மூன்று ஞாயிறும் கிடையாது. மறுபடி அந்தப் பெரிய இசை கேட்பது கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான். அதற்கு முன்பே, 1714-ல் வைமரில் இருந்தபோது, இதே முதல் ஞாயிறுக்கு அவர் ஒன்று எழுதினார். அதன் நடுவில் வெளிப்படுத்தின விசேஷம் 3:20 வருகிறது: "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்." பாடுவது ஒரே ஒரு கனத்த ஆண் குரல். வயலின்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுவார்கள். டொக், டொக், டொக். கதவைத் தட்டும் சத்தம், அவ்வளவுதான். ஓரிரு நிமிடம்கூட வராது. அது முழுக்க முடிந்த பிறகுதான் ஒரு பெண் குரல், என் இதயமே திறந்துகொள் என்று பாட ஆரம்பிக்கும். வசனம் முதலில், பதில் அப்புறம். தட்டும்போதே மேளம் கொட்டினால் யார் வந்திருக்கிறார் என்று எப்படித் தெரியும்?

ஒலிபெருக்கி வாங்குங்கள். அதில் முதலில் வசனம் கேட்கட்டும்.

— ஆசிரியர் வீட்டு மூத்தவள்

~

பொருளாளர் எழுதியது:

நீ எழுதியதைப் படித்தேன். உருக்கமாக இருந்தது. இப்போது கணக்குக்கு வருவோம்.

முதலில் ஒரு திருத்தம். நீ "நாலு வாரம்" என்று எழுதியிருக்கிறாய். நாலு ஞாயிறு என்பதுதான் சரி. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் எந்தத் தேதியிலும் விழலாம். அதனால் அட்வெந்து சில வருஷம் 28 நாள், சில வருஷம் 22 நாள்தான். இந்த வித்தியாசம் சிறிசு என்று தோன்றலாம். ஆர்மோனிய நிதியிலும் சிறிசாகத்தான் ஆரம்பித்தது. அந்த ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கு வரை யாரும் வாய் திறக்கவில்லை. நான் பெயர் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

இசைக்குப் பணம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஹேண்டல் என்ற இசையமைப்பாளரின் மேசியா என்ற பெரிய பாட்டுப் படைப்பை முதன்முதலில் 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் பாடினார்கள். வசூலை மூன்றாகப் பிரித்தார்கள்: இரண்டு மருத்துவமனைகள், அப்புறம் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்கள். கடன் அடைந்து 142 பேர் வெளியே வந்தார்கள். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், 142. கச்சேரி முடிந்து இத்தனை வருஷம் கழித்தும் எண்ணிக்கை நிற்கிறது. நமக்கோ போன கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையே தகராறு.

கொடுப்பவர்கள் மூன்றாம் ஞாயிறுக்குள் தெரிவிக்கவும். ரசீது உண்டு.

— பொருளாளர்

~

பாடற்குழு வீட்டுத் தம்பி எழுதியது:

அக்கா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வெளியூர் போய்ப் பக்கம் பக்கமாக எழுதுவது சுலபம். அந்தப் பாடற்குழுவை எங்கள் அப்பா எப்படிக் கட்டிக் காப்பாற்றினார் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் பாடினார்கள், எந்த நிலைமையில் பாடினார்கள் என்பதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அட்வெந்தில் கிறிஸ்துமஸ் பாட்டு பாடக் கூடாது என்கிறீர்கள். அன்றைக்குக் கடைசியாகப் பாடியது உலகமே களிகூரு என்ற ஐசக் வாட்ஸ் பாட்டு. நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்களாம், சித்தி சொன்னார். 1719-ல் வந்த அந்தப் பாட்டில் மாட்டுத் தொழுவம் எங்கே இருக்கிறது? மேய்ப்பர் எங்கே, நட்சத்திரம் எங்கே? அது 98-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியது. பூமியை நீதியாய் நியாயந்தீர்க்கக் கர்த்தர் வருகிறார் என்று முடிகிற சங்கீதம் அது. அப்படியென்றால் அதுதானே அசல் அட்வெந்து பாட்டு? மூன்று தலைமுறையாகப் பாடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும் அக்கா.

அத்தானுக்கு ஒன்று. மேசியாவை நாங்களும் பாடியிருக்கிறோம், தமிழிலேயே. "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்ற முதல் தனிப்பாட்டை என் மகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதையும் ரசீதுப் புத்தகத்தோடு சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

— தம்பி

~

தம்பிக்கு,

வாட்ஸ் விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. மெட்டைக் கேட்டதுமே கிறிஸ்துமஸ் என்று முடிவு கட்டி எழுந்துவிட்டேன். வார்த்தையைக் கேட்கவில்லை. அந்தப் பையனின் வாசிப்பை யாரும் கேட்கவில்லை என்று நியாயம் பேசிய நானும் அதையேதான் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. (கல்யாணத்தை இங்கே இழுத்திருக்க வேண்டாம். அதைத் தனியாகப் பேசுவோம்.)

உன் மகள் விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். அந்தத் தனிப்பாட்டு ஏசாயா 40-லிருந்து எடுத்தது. முன்னால் சின்ன வாத்திய இசை, அப்புறம் குரல் ஏறக்குறைய தனியாக நின்று "தேற்றுங்கள்" என்று ஆரம்பிக்கும். ஹேண்டல் அதை எழுதியது ஆண் குரலுக்கு. பெண் பாடினால் என்ன குறைந்துவிடும்? நிறைய இடங்களில் பாடத்தான் செய்கிறார்கள். இந்த வருஷம் அவளே பாடட்டும், ஒலிபெருக்கி இல்லாமல்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர் 17-லிருந்து 23 வரை ஏழு சாயங்காலம், ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொல்லி அழைக்கும் பழைய லத்தீன் அழைப்புகள் இருக்கின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, ஜாதிகளின் ராஜாவே, இம்மானுவேலே. எல்லாமே வேதாகமத்திலிருந்து பொறுக்கி எடுத்த பெயர்கள். ஏழிலும் ஒரே கெஞ்சல்: வாரும். லத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் ஏரோ க்ராஸ் என்று வரும். நாளைக்கு இருப்பேன் என்று அர்த்தமாம். ஏழு நாள் கூப்பிட்ட பிறகு எழுத்துக்குள்ளிருந்து ஒரு பதில்! இம்மானுவேலே வாரும் என்று நாம் பாடும் பாட்டு இந்த ஏழிலிருந்து பிறந்ததுதான். நாம் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

அந்த அழைப்பை மரியாளின் பாட்டுக்கு முன்னும் பின்னும் பாடுவார்கள். லூக்கா 1. அம்மா அதைச் சாயங்காலத்தில் விளக்கைப் போடாமலே வாசிப்பார்கள், மனப்பாடம்தான், இருந்தாலும் புத்தகம் மடியில் திறந்திருக்க வேண்டும். "பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். "ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்" என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். யாரை நினைத்துக்கொண்டு அழுத்தினார்கள் என்பது பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் எனக்கு எப்போது முடியும் என்றுதான் இருக்கும். இப்போது அந்த ஒரு மூச்சு நிறுத்தத்தைக் கேட்கத்தான் ஏங்குகிறேன்.

அத்தான், என் பங்கை இன்றைக்கே அனுப்பிவிட்டேன். நிபந்தனை என்று சொன்னால் கோபம் வரும், அதனால் கேட்டுக்கொள்கிறேன் என்றே எழுதுகிறேன். நாலு பாடமும் வாசிக்க வேண்டும். பாடத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் கீபோர்டுக்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு மறுபடி ஒரு பாடம் கொடுக்க வேண்டும். நாலாம் ஞாயிறில் கொடுத்தாலும் போதும்.

— மூத்தவள்

~

பொருளாளர் எழுதியது:

பணம் வந்து சேர்ந்தது. ரசீது எண் 7. மச்சானின் பங்கு இன்னும் வரவில்லை.