இன்வெர்ட்டர் 500 டிகிரி காட்டுகிறது: சீரியல்-ஈதர்நெட் பெட்டியைக் கழற்றிவிடலாமா?

மாடிவெயில் எழுதியது:
மொட்டைமாடியில் 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் கிரிட்-டை வகை. அதன் ஆர்எஸ்485 போர்ட்டை (தரவு படிக்கும் வயர் இணைப்பு) ஒரு சின்ன சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டரில் மாட்டி, கேமராவுக்காக மாடியில் வைத்திருக்கும் சுவிட்சில் செருகியிருக்கிறேன். கீழே ஹாலில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுக் கருவிகளைக் கண்காணிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் நிரல். இன்வெர்ட்டரோடு பேசும் மொழி மோட்பஸ் ஆர்டியூ, வேகம் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்). கன்வெர்ட்டர் டிரான்ஸ்பரன்ட் மோடில் (வருவதை அப்படியே கடத்தும்) இருக்கிறது, ஹோம் அசிஸ்டென்ட்டில் ‘ஆர்டியூ ஓவர் டிசிபி’ என்று கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. போன ஞாயிறு மத்தியானம் போனில் எச்சரிக்கை: இன்வெர்ட்டர் வெப்பநிலை 500 டிகிரி. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். தொட்டுப் பார்த்தால் வழக்கமான சூடுதான். அதே நிமிடத்தில் கரண்ட் அதிர்வெண் 23.8 ஹெர்ட்ஸ் என்று பதிவாகியிருக்கிறது. லாக்கில் சிஆர்சி பிழை (தரவு சிதைந்தால் காட்டும் சரிபார்ப்பு) ஒன்றுகூட இல்லை. இன்னொன்று, இரவானால் உற்பத்தி 65535 வாட் என்று காட்டுகிறது. பெட்டி போச்சா? கழற்றிவிட்டு நேராக வயர் இழுக்கலாமா?

நேர்வயர் எழுதியது:
இழுங்கள், இன்றைக்கே. ஆர்எஸ்485 குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். உங்கள் மாடியிலிருந்து ஹாலுக்கு 15 மீட்டர் இருக்குமா? அந்தத் தூரத்துக்கு நடுவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு சுவிட்ச், ஒரு ரவுட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடாப்டர். எது கெட்டாலும் கிராஃப் படுத்துவிடும். நான் நான்கு வருடமாக ஆர்எஸ்485-ஐ யுஎஸ்பியாக மாற்றும் ஒரு டாங்கிளும் ஒரு ஜோடி முறுக்கு வயரும் வைத்து ஓட்டுகிறேன். அதற்கு ஐபி முகவரி கிடையாது, ஃபர்ம்வேர் அப்டேட் கிடையாது. கேமராவுக்குப் போகும் கேட்6-இல் இரண்டு ஜோடி சும்மா கிடக்குமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்வே502 எழுதியது:
பொறுங்கள். பெட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எண்களைப் பாருங்கள், அவையே கதையைச் சொல்கின்றன.

உங்கள் இன்வெர்ட்டர் மின்னழுத்தத்தை 0.1 பெருக்கலோடு தருகிறது என்று நினைக்கிறேன். 238 வோல்ட் என்றால், எண்ணைச் சேமிக்கும் இடமான ரெஜிஸ்டரில் 2380. அதிர்வெண்ணுக்கு 0.01, அதாவது 50 ஹெர்ட்ஸ் என்றால் 5000. வெப்பநிலைக்கு 0.1. இப்போது 2380-ஐ 0.01 ஆல் பெருக்குங்கள்: 23.8. 5000-ஐ 0.1 ஆல் பெருக்குங்கள்: 500. மின்னழுத்தத்தின் பதில் அதிர்வெண் கட்டத்தில் விழுந்தது, அதிர்வெண்ணின் பதில் வெப்பநிலை கட்டத்தில் விழுந்தது. வரிசையில் எல்லோரும் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

காரணம் இதுதான். மோட்பஸ் ஆர்டியூ பதிலில் எந்த ஸ்லேவ் (பதில் சொல்லும் கருவி), எந்த ஃபங்ஷன் (என்ன வேலை), எத்தனை பைட், அப்புறம் தரவும் சிஆர்சியும் இருக்கும். எந்தக் கேள்விக்கான பதில் என்பது அதில் இருக்காது. ஒரு பதில் தாமதமாகி, ஹோம் அசிஸ்டென்ட் காத்திருந்து அலுத்து அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால், பழைய பதில் புதிய கேள்விக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். நீளமும் சரி, சிஆர்சியும் சரி. பிழை எங்கிருந்து லாக்கில் வரும்?

65535 தனிக்கதை. அது -1. ரெஜிஸ்டரை அன்சைன்ட் (மைனஸ் இல்லாத எண்) என்று படிக்கிறீர்கள், டேட்டா டைப்பை int16 என்று மாற்றுங்கள். (இந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.)

நேர்வயர் எழுதியது:
அருமையான துப்பறிதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் என் கட்சிக்குத்தான் வாதாடுகிறீர்கள். தாமதம் எங்கிருந்து வந்தது? நடுவில் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து. வயராக இருந்தால் அது வந்திருக்காது.

கேட்வே502 எழுதியது:
உள் நெட்வொர்க்கில் ஈதர்நெட் தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். 9600 பாட்டில் ஒரு எழுத்தை அனுப்பவே அதைவிட அதிக நேரமாகும். எனக்குச் சந்தேகம் வேறு. மாடிவெயில், அந்தப் பெட்டியோடு வேறு ஏதாவது பேசுகிறதா?

மாடிவெயில் எழுதியது:
ஐயோ. நோட்-ரெட் என்ற தானியங்கி நிரலும் ஓடுகிறது. உற்பத்தி அதிகமாக இருக்கும்போது தண்ணீர் மோட்டார் போடுவதற்காக, அதுவும் அதே பெட்டியிலிருந்து நேராகப் படிக்கிறது. அதை அமைத்தது போன சனிக்கிழமை.

கேட்வே502 எழுதியது:
ஞாயிற்றுக்கிழமை 500 டிகிரி. கணக்கு சரியாக வருகிறது. டிரான்ஸ்பரன்ட் மோடில் அந்தப் பெட்டி வெறும் குழாய். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து கேள்வியை ஊற்றினால் வயரில் இரண்டும் கலக்கும். வரும் பதிலைப் பல பெட்டிகள் இரண்டு பேருக்கும் அனுப்பிவிடும். ஆர்டியூ வயரில் ஒரே மாஸ்டர்தான் (கேள்வி கேட்பவர்) இருக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘மோட்பஸ் டிசிபி டு ஆர்டியூ’ என்று ஒரு மோட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் போட்டு, ஹோம் அசிஸ்டென்ட்டில் வெறும் ‘டிசிபி’ என்று மாற்றுங்கள், போர்ட் 502. மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பைட்டில் ஒரு டோக்கன் எண் உண்டு, பதிலும் அதே டோக்கனோடு திரும்பும். யார் கேட்டாலும் பெட்டி வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக வயரில் விடும்.

நேர்வயர் எழுதியது:
அந்த டோக்கன் வயருக்குள் போகாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் அதே பழைய ஆர்டியூதான். இன்வெர்ட்டர் மெதுவாகப் பதில் சொன்னால் பெட்டியும் ஏமாறும், ஏமாந்துவிட்டுச் சரியான டோக்கனை ஒட்டி அனுப்பும். அது இன்னும் மோசம் இல்லையா?

கேட்வே502 எழுதியது:
சரியான கேள்வி. ஆமாம், ஏமாறலாம். அதனால்தான் பெட்டி காத்திருக்கும் நேரத்தை ஒரு செகண்டாவது வைக்க வேண்டும், ஹோம் அசிஸ்டென்ட்டின் டைம்அவுட் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் மெதுவாக இருந்தால் உங்கள் யுஎஸ்பி டாங்கிளும் அதே இடத்தில் ஏமாறும். பழைய பைட்டுகளைத் துடைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறதா என்பது நிரலைப் பொறுத்தது, வயரைப் பொறுத்தது இல்லை. இரண்டு மாஸ்டர் சிக்கலும் அப்படித்தான். லினக்ஸில் ஒரே யுஎஸ்பி சீரியல் போர்ட்டை இரண்டு நிரல்கள் திறக்கலாம், நிரல் தானாகப் பூட்டிக்கொண்டால்தான் உண்டு.

கேட்6-இல் சும்மா கிடக்கும் ஜோடி என்றீர்கள். கேமராவுக்கு அதே கேபிளில் பவரும் போனால் அந்த இரண்டு ஜோடியில் 48 வோல்ட் ஓடக்கூடும். அதில் ஆர்எஸ்485-ஐக் கோர்த்தால் டாங்கிளுக்குச் சங்குதான்.

சோல்டர்ப்புகை எழுதியது:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் நடுவில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு இஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டி போர்டு), ஆர்எஸ்485-க்கு ஒரு மேக்ஸ்3485 சிப், இஎஸ்பிஹோம் நிரல். இன்வெர்ட்டர் பக்கத்திலேயே மோட்பஸ் பேசி முடித்துவிட்டு வெறும் எண்ணை மட்டும் வைஃபையில் கீழே அனுப்பும். வைஃபை தடுமாறினால் எண் கொஞ்சம் தாமதமாக வரும், இடம் மாறாது. மேக்ஸ்485 வாங்கிவிடாதீர்கள், அது 5 வோல்ட் சிப், இஎஸ்பி32-க்கு 3.3 வோல்ட்தான். வேலை செய்யாவிட்டால் ஆர்எஸ்485-இன் ஏ, பி வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெயரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடுகிறது.

நேர்வயர் எழுதியது:
மொட்டைமாடி வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இஎஸ்பி32-ஆ? வேண்டாம் தம்பி.

பவர் இருக்கிற கேபிள் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, திரும்பப் பெறுகிறேன். தனி வயர் இழுக்க வேண்டும். ஆனால் யாரும் கரண்ட் கட் பற்றிப் பேசவில்லை. மாடி சுவிட்சுக்கு யுபிஎஸ் இருக்கிறதா? கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், வந்த பிறகு ரவுட்டர் எழுவதற்குள் பெட்டி வேறு ஐபி தேடி அலையும்.

கேட்வே502 எழுதியது:
ஐபியை நிலையாகக் கொடுத்துவிட்டால் அலையாது. அப்புறம், கரண்ட் போனால் கிரிட்-டை இன்வெர்ட்டரே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நின்றுபோன இன்வெர்ட்டரில் எதைப் படிக்கப் போகிறீர்கள்?

நான் பயப்படுவது இடிக்கு. மாடியிலிருந்து நேராக ஒரு செம்பு வயர் வந்து ராஸ்பெர்ரி பையின் யுஎஸ்பியில் முடிகிறது. பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால் அந்த சர்ஜ் எங்கே இறங்கும்? ஈதர்நெட் போர்ட்டில் குறைந்தது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பாவது உண்டு.

நேர்வயர் எழுதியது:
ஐசோலேஷன் (மின்தடுப்பு) உள்ள டாங்கிளும் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. என்னுடையது அதுதான்.

பூட்டுக்காரன் எழுதியது:
502 போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. அந்த நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் ரெஜிஸ்டரில் எழுதலாம், இன்வெர்ட்டர் அனுமதித்தால் நிறுத்தவும் செய்யலாம். வெளியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள்.

மாடிவெயில் எழுதியது:
ஒன்பது நாள் ஆகிறது. தனி வயர் இழுக்கலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், பைப் பாதியில் சிமென்டு அடைத்துக் கிடக்கிறது, சுவரை வெட்டத்தான் வேண்டும் என்றார். போன மாதம்தான் பெயின்ட் அடித்தோம். வீட்டில் அனுமதி இல்லை.

அதனால் பெட்டியை டிசிபி கேட்வே மோடுக்கு மாற்றினேன், ஐபியை நிலையாக்கினேன், பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றினேன். நோட்-ரெட் இப்போது பெட்டியைத் தொடுவதில்லை, ஹோம் அசிஸ்டென்ட்டிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதுவரை 500 டிகிரி வரவில்லை.

நேர்வயர் எழுதியது:
ஒன்பது நாளெல்லாம் ஒரு கணக்கா? ஐப்பசி இடி வரட்டும், அப்புறம் பேசலாம்.

மாடிவெயில் எழுதியது:
சரி அண்ணா. இரவில் 65535 போய்விட்டது. இப்போது விடிய விடிய -1 வாட் என்று காட்டுகிறது. அந்த ஒரு வாட்டை யார் தின்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.