பள்ளி வாசலில் ‘பிளாட்டினம்’ பேனர் பார்த்தால்

கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்து வீடு தேடுகிறவர்கள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம். சில பள்ளிகளின் வாசலில் ‘பி.பி.ஐ.எஸ். பிளாட்டினம்’ என்று பேனர் கட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, “மார்க்கில் முதல் பள்ளி போல” என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது மார்க்குக்குக் கொடுப்பதில்லை, பிள்ளைகளுக்கு உதவும் ஏற்பாட்டை ஒழுங்காக நடத்துவதற்குக் கொடுப்பது.

இங்கே பிள்ளைகளுக்கு உதவி மூன்று படியாக வரும். முதல் படி எல்லோருக்கும் பொது. அது போதாதவர்களுக்கு, ஏறக்குறைய நூற்றில் 10, 15 பேருக்கு, இரண்டாம் படி: சின்னக் குழுவாக உட்கார்ந்து வாசிப்பது, காலையும் மாலையும் ஒரு பெரியவரைப் பார்த்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவது போல. மூன்றாவது, வெகு சிலருக்கான தனித் திட்டம். மொத்த ஏற்பாட்டுக்கு எம்.டி.எஸ்.எஸ். (பல படி உதவி முறை) என்று பெயர், அதில் நல்ல நடத்தையை ஊக்குவிக்கும் பக்கம்தான் பேனரில் இருக்கும் பி.பி.ஐ.எஸ். இதை ஒழுங்காக நடத்தும் பள்ளிகளைக் கலிபோர்னியா பி.பி.ஐ.எஸ். கூட்டமைப்பு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அங்கீகரிக்கிறது. பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதனால் பேனர் இல்லாத நல்ல பள்ளிகளும் நிறைய உண்டு.

பேனர் நல்ல அடையாளம்தான், நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று அது சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ‘டியர் 2’, அதாவது இரண்டாம் படி உதவி, என்று கடிதம் வந்தது. ஃபெயில் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்து அன்று இரவு நானும் மனைவியும் தூங்கவே இல்லை. அப்படி இல்லை. அது தண்டனையும் இல்லை, தனி வகுப்பும் இல்லை. தயவுசெய்து அந்த உதவியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நாங்கள் செய்த தவறு வேறு. “இன்னும் எட்டு வாரம் பார்க்கலாம்” என்று பள்ளி சொல்லச் சொல்லத் தலையாட்டினோம். ஒரு வருடம் போய்விட்டது. அந்தப் பள்ளி வாசலிலும் பேனர் இருந்தது.

பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது, வாரத்தில் எத்தனை நிமிடம், யார் சொல்லித்தருகிறார்கள், முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அளந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் படிகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படிகளைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. “என் மகளுக்குச் சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும்” என்று எழுத்தில் கொடுங்கள். கலிபோர்னியாவில் பொதுவாக 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த 60 நாளுக்குள் மதிப்பீட்டு முடிவைப் பற்றி உங்களோடு பேசும் கூட்டம் நடக்க வேண்டும். நீண்ட விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்கு அதுவே சாட்சி.

அப்புறம், அந்தக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். செலவு பள்ளியுடையது. என் மனைவி அப்படித்தான் கேட்டாள். மகள் வீட்டில் எப்படி வாசிக்கிறாள் என்று அவள் தமிழில் விளக்கியபோதுதான் பள்ளிக்காரர்களுக்கு முழுதும் புரிந்தது.