37 வயது லெஃப்ட் விங்கரை முதல் ஏழு பேரில் இறக்கலாமா?

கடலோரக் காலடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உவரிப் பக்கம். திருவிழா செவன்ஸ் கால்பந்தில் (பக்கத்துக்கு ஏழு பேர்) எங்கள் டீம் அரையிறுதிக்கு வந்துவிட்டது, வருகிற ஞாயிறு சாயங்காலம் ஆட்டம், எதிரே தூத்தூர்ப் பக்கத்து டீம். அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று இந்தக் கடற்கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டீம் எடுக்கிற மூன்று பேரில் நானும் ஒருவன். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கிறார்கள், அதனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேனோ அதுதான் முடிவு.

விஷயம் எங்கள் லெஃப்ட் விங் அண்ணன். வயது 37. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த இடது கோட்டு ஓரம் அவருடையதுதான். இப்போது வேகம் போய்விட்டது, அதை மறைக்க ஒன்றுமில்லை. முன்பெல்லாம் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடி எடுப்பார், இப்போது தட்டினால் எதிராளி பேக் (தடுத்து ஆடுகிறவன்) வந்து எடுத்துக்கொண்டு போகிறான். காலிறுதியில் இரண்டாவது பாதி முழுக்கக் கீழே இறங்கவே இல்லை, எங்கள் லெஃப்ட் பேக் பையன் தனியாக இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டான்.

ஆனால் அவர் இடது கால் அப்படியே இருக்கிறது. எங்கள் மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, கச்சான் காற்று நேராக மேற்கிலிருந்து அடிக்கும். காற்றை எதிர்த்து ஆடும்போது மற்றவர்கள் ஓரத்திலிருந்து கோல் வாசலுக்குத் தூக்கி அடிக்கிற கிராஸ் பாதியில் நின்று கீழே விழும். அண்ணன் மட்டும் முழங்கால் உயரத்தில் இறுக்கி அடிப்பார், பந்து கோல் வாசல் முன்னால் அறுத்துக்கொண்டு போகும். காற்று முதுகில் இருக்கும் பாதியில் கோட்டு வரைக்கும் போகவே மாட்டார், முன்னாடியே பின்பக்கமாக வெட்டிக் கொடுத்துவிடுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் இடத்துக்கு இருக்கிற இன்னொருவன் 19 வயது, பாளையங்கோட்டையில் படிக்கிறான். பறக்கிறான், ஆனால் தலையைக் குனிந்துகொண்டே ஓடுவான், கடைசிப் பந்து கோல்கீப்பர் கையில் போய் உட்காரும்.

விதிமுறை: ஒரு பாதி 25 நிமிடம். மூன்று பேரை மாற்றலாம், வெளியே போனவர் திரும்ப வர முடியாது. சமநிலை என்றால் நேரே பெனால்டி. எங்கள் ஊரில் பெனால்டி அடிக்க அண்ணனை விட்டால் ஆள் இல்லை. யாரை முதலில் இறக்குவது?

பாளை லெஃப்ட் பேக்:

அண்ணாச்சி, நான் ஜான்ஸ் கிரவுண்டிலும் வ.உ.சி. மைதானத்திலும் லெஃப்ட் பேக் ஆடியவன், அதனால் பின்னால் நிற்கிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன். விங்கர் இறங்கி வராவிட்டால் பழி முழுக்க பேக் மேல்தான் விழும். கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பது பேக் தோற்றுப்போனதை மட்டும், அவனுக்கு முன்னால் ஆள் இல்லாமல் கிடந்த இருபது அடியை யாரும் பார்ப்பதில்லை. பதினொரு பேர் ஆட்டத்தில் ஒருவர் நடந்தால் நடுவில் இருக்கிற யாராவது வந்து மூடிவிடலாம், செவன்ஸில் கோல்கீப்பரை விட்டால் ஆறே பேர், ஒருவர் நின்றுவிட்டால் அப்படியே தெரிந்துவிடும்.

தூத்தூர்க்காரர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே அண்ணன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுவார்கள், அப்புறம் பந்து முழுக்க அந்தப் பக்கம்தான் வரும். நான் என்றால் பையனை இறக்குவேன். அண்ணனைக் கடைசி பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் அந்த இடது காலுக்கு இடம் கிடைக்கும், பெனால்டிக்கும் ஆள் உள்ளே இருப்பார். அவர் மேல் மரியாதை இல்லாமல் சொல்லவில்லை, அந்த லெஃப்ட் பேக் பையனை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ரியாத்தில் ஒரு திசையன்விளைக்காரன்:

தம்பி சொல்கிற பேக் கஷ்டம் உண்மை, ஆனால் வயதான விங்கர் என்றாலே கடைசி பத்து நிமிடத்துக்கு வை என்று எல்லோரும் சொல்கிறார்கள் பாருங்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் டி மரியாவுக்கு 34 வயது, காயம், நாக்அவுட்டில் ஆடியதே காலிறுதியின் கடைசியில் கொஞ்ச நேரம்தான். பயிற்சியாளர் ஸ்கலோனி அவரைப் பெஞ்சில் வைத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முதல் நிமிடத்திலிருந்தே இறக்கினார், அதுவும் வழக்கமான வலது பக்கம் விட்டு இடது பக்கம். பிரான்ஸின் டெம்பெலே அவரைத் தட்டிவிட்டதில்தான் முதல் பெனால்டி, 36ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோல் அவரே போட்டார். 64ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் போட்டது 80, 81இல். அந்த மனிதர் உள்ளே இருந்த நேரம் முழுக்க பிரான்ஸுக்கு மூச்சுவிட வழியில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், ஸ்பெயின் விங்கர் ஹோவாகின். 2019 டிசம்பரில் பெட்டிஸுக்காக அத்லெட்டிக் பில்பாவோவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், 38 வயது, ஸ்பெயின் லீகில் அவ்வளவு வயதில் அதுவரை யாரும் அடித்ததில்லை. மூன்றும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்தது! வயதான கால் புதிதாக இருப்பது ஆட்டத்தின் தொடக்கத்தில்தான். அந்த நேரத்தைப் பெஞ்சில் உட்காரவைத்து வீணாக்கிவிட்டு, பந்து அங்கும் இங்கும் பறக்கிற கடைசி பத்து நிமிடத்தில் ஓடு என்றால் எப்படி ஓடுவார்? முதல் பாதி முழுக்கக் கொடுங்கள், கோல் எடுத்துக்கொண்டு அவரை உட்கார வையுங்கள், பையன் அப்புறம் ஓடட்டும்.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

தம்பிமார்களா, நான் பையன்களை ஓடவைத்தே தலை நரைத்தவன், ஒன்றிரண்டு சொல்கிறேன். வயது ஏறினால் முதலில் போவது அந்த வெடித்துக் கிளம்புகிற வேகம். ஓடிக்கொண்டே இருக்கிற தெம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால் 37 வயதுக்காரர் ஆட்டத்துக்கே லாயக்கில்லை என்று பொருள் இல்லை, வேகத்தை மட்டும் நம்புகிற இடத்தில் அவரை நிறுத்துவதுதான் தப்பு. ஹெசுஸ் நவாஸ் விங்கராக இருந்தவர், 2010இல் ஸ்பெயின் உலகக்கோப்பை வென்ற டீமிலேயே இருந்தார். அப்புறம் ரைட் பேக்காக மாறி 2024 யூரோ அரையிறுதியில் 38 வயதில் பிரான்ஸுக்கு எதிராக முதல் பதினொன்றில் இறங்கினார். ரயன் கிக்ஸ் விங்கை விட்டு நடுவுக்கு வந்து 40 வயது வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடினார். உங்கள் அண்ணனை ஏன் நடுவில் கொண்டுவரக் கூடாது? பையன் இடது ஓரத்தில் ஓடட்டும், அண்ணன் உள்ளே நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கட்டும். பேக் பையனுக்கும் முன்னால் ஆள் கிடைக்கும். காற்றுக்கு எப்படி அடிப்பது என்று அந்தப் பையனுக்கு ஆட்டத்துக்குள்ளேயே சத்தம்போட்டுச் சொல்ல ஒரு ஆளும் இருப்பார்.

பெஞ்சு விஷயத்தில் ரியாத் தம்பி பக்கம்தான் நான். அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சும்மா இரண்டு முறை குதித்துவிட்டு உள்ளே போய் முதல் பந்துக்கே முழு வேகத்தில் கிளம்பினால் தொடைப் பின்தசை பிடுங்கிக்கொள்ளும். அதுவும் உங்கள் பக்கத்துத் தேரி மண் கால் புதைகிற மண், ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதலாக உந்த வேண்டும். கடைசியில் இறக்குவது என்றால் இடைவேளையிலிருந்தே கோட்டு ஓரம் ஓடிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

அவர் கடலுக்குப் போகிறவரா? அப்படியானால் ஒரு நல்லது இருக்கிறது, உங்கள் ஊர்களில் ஞாயிறு வள்ளம் இறக்க மாட்டார்கள், சனி இரவு நன்றாகத் தூங்குவார். வெள்ளி இரவு வலை இழுத்த தோள் வலி சனிக்கிழமையோடு போகட்டும், சனியன்று பயிற்சி என்று கூப்பிட்டு அவரை ஓடவிடாதீர்கள்.

அம்பை ரெட்ஸ்:

எல்லோரும் அண்ணனைப் பற்றியே பேசுகிறீர்கள், பையனைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? நான் லிவர்பூல் ரசிகன், விங்கர் சலா என்றால் உயிர். 2024-25இல் லீகில் 29 கோல், 18 அசிஸ்ட், கோப்பை. அடுத்த சீசன் டிசம்பரில் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கடைசி வரை பெஞ்சிலேயே உட்காரவைத்தார்கள். வலித்தது, ரொம்பவே வலித்தது. ஆனால் ஒரு மேனேஜர் பார்க்க வேண்டியது இந்த வாரம் யார் நன்றாக ஆடுகிறார் என்பதைத்தான், போன வருஷம் யார் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்பதை அல்ல.

19 வயதுப் பையன் தலை குனிந்து ஓடுகிறான் என்கிறீர்கள். தலை நிமிர எப்போது கற்றுக்கொள்வான்? அரையிறுதியில்தான் கற்றுக்கொள்ள முடியும். அவனை உட்காரவைத்தால் அடுத்த சீசனில் வேறு ஊர் டீம் பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும், நம் பக்கத்து எத்தனை பையன்கள் அப்படிப் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் நீங்களும் காசு கொடுத்து வெளியூர் ஆளை இறக்க வேண்டியதுதான். ஊர்ப் பையன்கள் ஆடாத டீமை எந்த ஊர்க்காரன் வந்து நின்று பார்ப்பான்?

பாளை லெஃப்ட் பேக்:

வாத்தியார் சொன்ன நடு இடம் எனக்கும் சரி என்றே படுகிறது, பேக்குக்கு முன்னால் ஓடுகிற கால் ஒன்று கிடைத்தால் போதும். ஆனால் ரியாத் அண்ணனிடம் ஒரு கேள்வி. முதல் பாதியோடு எடுத்துவிட்டால் பெனால்டிக்கு அண்ணன் வெளியே இருப்பார். திரும்ப வர முடியாது என்று விதி இருக்கிறதே?

ரியாத்தில் ஒரு திசையன்விளைக்காரன்:

நல்ல கேள்வி தம்பி. டி மரியா வெளியே போய்த்தான் அந்த இறுதி ஆட்டமும் பெனால்டிக்குப் போனது, டிபாலாவைக் கடைசி நிமிடத்தில் பெனால்டிக்கென்றே இறக்கினார்கள், அவரும் போட்டார், 4-2. ஆனால் 2021இல் நடந்த யூரோ இறுதியில் இங்கிலாந்து இதே மாதிரி ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசியில் இறக்கியது, இரண்டு பேரும் தவறவிட்டார்கள். ஆட்டத்தில் காலே படாமல் வந்து அடிக்கிற பெனால்டியை நம்பி டீம் எடுக்கக் கூடாது என்பேன். பெனால்டி வரலாம், வராமலும் போகலாம். முதல் 25 நிமிடம் கண்டிப்பாக வரும்.

கடலோரக் காலடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மற்ற இரண்டு பேரோடும் உட்கார்ந்து பேசினேன். அம்பைத் தம்பி சொன்னது உறைத்தது, பையன் கண்டிப்பாக முதல் ஏழில் இருக்க வேண்டும் என்று முதலில் அதை முடிவு செய்தோம். வாத்தியார் சொன்னபடி அண்ணனை நடுவில் நிறுத்துவது, பையன் இடது ஓரம். நடுவில் வழக்கமாக ஆடுகிறவரை இடைவேளைக்கு அப்புறம் அண்ணனுக்குப் பதிலாக இறக்குவது. அவரிடம் பேசிவிட்டோம், ஒத்துக்கொண்டார், அவரும் நம்ம டீம்தானே.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். விங் இல்லை, நடு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டாஸில் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுக்கப்போகிறோம் என்று கேட்டார். முதல் பாதி காற்றுக்கு எதிராக ஆடுவோம், தெம்பு இருக்கும்போதே அதைத் தாண்டிவிடலாம், இரண்டாவது பாதியில் பையன்கள் காற்றோடு ஓடட்டும் என்றார். கேப்டனிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இடைவேளைக்கு அப்புறம் இடது பக்கக் கார்னர் யார் அடிப்பது?

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

பையனே அடிக்கட்டும். இன்றைக்கும் நாளைக்கும் காற்று கிளம்புகிற நாலு மணிக்கு மேல் அவனைக் கார்னர் கொடி பக்கத்தில் நிறுத்தி அண்ணனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அண்ணன் ஓட வேண்டாம், நின்று பார்த்துச் சொன்னால் போதும். இரண்டாவது பாதியில் காற்று முதுகில் என்றால் தூக்கி அடிக்க விடாதீர்கள், பந்து நேரே கோட்டுக்கு வெளியே போய்விடும். கிட்டத்துக் கம்பத்துக்குத் தாழ்வாக, அவ்வளவுதான்.

பாளை லெஃப்ட் பேக்:

ஞாயிறு நானும் வருகிறேன் அண்ணாச்சி. பாளையிலிருந்து இரண்டு பைக்கில் நாலு பேர். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் போடுங்கள்.

கடலோரக் காலடி:

நாலரைக்கு விசில். மூன்றரைக்கே வந்துவிடுங்கள், அப்புறம் நிற்க இடம் கிடைக்காது.