புதுப்பிப்பு: எஸ்15 சில்வியாவுக்குச் சிறிய டர்போவையே பொருத்தினேன்

என் நிசான் சில்வியா எஸ்15 காருக்கு எந்த டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருந்தும், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் 60 மி.மீ. உள்ள கேரட் நிறுவனத்தின் ஜிடி2860ஆர்எஸ் ஏற்றதா, 71 மி.மீ. சக்கரமுள்ள ஜிடி2871ஆர் ஏற்றதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சிறியதையே தேர்ந்தெடுத்தேன். 1,998 சி.சி. எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் வெளியேற்றும் புகை பெரிய டர்போவை விரைவாகச் சுழற்றப் போதாது என்பதாலும், நான் ஓட்டுவது பெரும்பாலும் வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் என்பதாலும், உச்சக் குதிரைத்திறனை விட்டுக்கொடுத்தேன்; அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியேறி ஆக்சிலரேட்டரை மிதித்தால், டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் தயங்காமல் எழுகிறது. இதுபோல அச்சு சிறு குண்டுகளின் மேல் சுழலும் பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் மிகுந்தாலும் கேடுதான். எண்ணெய் வரும் குழாயில் அளவைக் கட்டுப்படுத்தும் சிறுதுளை இணைப்பு பெரும்பாலும் தேவைப்படும். முதல் முறை அது விடுபட்டதால், சீல் வழியே எண்ணெய் கசிந்து சைலன்சரில் நீலப்புகை வந்தது. இணைப்பைப் பொருத்திய பிறகு புகை நின்றுவிட்டது.