தால் டோக்ளி களியாக இறுகிவிடுகிறது, யாராவது உதவுங்களேன்

மணிநகர்_மருமகள்: அகமதாபாத்தில் இருக்கிறோம். தால் டோக்ளி (துவரம்பருப்புத் தாலில் டோக்ளி என்கிற கோதுமை மாவுத் துண்டுகளைப் போட்டு வேகவைக்கும் குஜராத்திச் சாப்பாடு) செய்தால் துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நடுவில் பச்சை மாவாக நிற்கிறது. அடுப்பை அணைத்துக் கால் மணி நேரத்தில் மொத்தமும் களி மாதிரி இறுகிவிடும். பருப்பும் மசிவதில்லை, மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் முழுப் பருப்பு. அரை கப் துவரம்பருப்பு, ஒரு கப் கோதுமை மாவு, 3 கப் தண்ணீர். கோகம் (புளிப்புக்குப் போடும் காய்ந்த பழத்தோல்), வெல்லம், வேர்க்கடலை எல்லாவற்றையும் பருப்போடு குக்கரிலேயே போட்டுவிடுகிறேன்.

பரோடா_பெரியம்மா: கோகத்தைக் குக்கரில் போடாதேம்மா, முதல் கோளாறு அதுதான். புளிப்பு பட்டால் பருப்பு இளகாது, எத்தனை விசில் விட்டாலும் சரி. பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவிட்டு, மத்தால் ஒரு பருப்பு கூடத் தெரியாமல் கடைந்த பிறகுதான் கோகமும் வெல்லமும். வேர்க்கடலையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து அதே குக்கரில் வேகவிடலாம். கடையில் வாங்கியது எண்ணெய் தடவிய பருப்பா? அப்படியென்றால் வெந்நீரில் நன்றாகக் கழுவு, வண்டு வராமலிருக்க விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள், அந்த வாடை தாலில் இறங்கும். போர் தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீரில் வேகவைத்துப் பார், உப்புத் தண்ணீரில் பருப்பு சண்டி பண்ணும்.

சூரத்_சமையல்: தண்ணீர் ரொம்பக் குறைவு. அந்த அளவுக்கு வேகவைத்த தண்ணீரையும் சேர்த்து 5 கப்பாவது வேண்டும். டோக்ளி போடுவதற்கு முன் தால் நம்ம ரசத்தைவிடக் கொஞ்சம்தான் கெட்டியாக இருக்கணும், மாவு குடிக்கிறதைக் குடித்து மீதியையும் கெட்டியாக்கிவிடும். மாவில் ஓமம், மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பூரி மாவு போலக் கெட்டியாகப் பிசையுங்கள். சப்பாத்தியைவிட மெல்லிசாகத் தேய்த்து, தவாவில் இரண்டு பக்கமும் அரை நிமிடம் வாட்டிவிட்டு வெட்டினால் ஒட்டாது.

பரோடா_பெரியம்மா: வாட்டினால் டோக்ளிக்கு அந்த வழவழப்பு வராது தம்பி, ரொட்டித் துண்டைக் குழம்பில் போட்ட கதைதான். தால் தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றாகப் போட்டு, நாலைந்து போட்டதும் ஒரு கிளறு, அப்புறம் அடுத்தது. கொதி அடங்கினால் நிறுத்து, திரும்பக் கொதித்ததும் போடு. தேய்த்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும், ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு இருக்கக் கூடாது.

சூரத்_சமையல்: சரிங்கம்மா, ஆனால் அவசரக்காரர்களுக்கு நான் சொன்னதுதான் பிழைப்பு.

மணிநகர்_மருமகள்: கோகத்தை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டினேன், வாட்டாமல்தான் போட்டேன். பருப்பு மசிந்துவிட்டது, துண்டும் தனித்தனியாக வந்தது! தாளிப்பில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை மட்டும்தான் போட்டேன், வாசனை ஏதோ குறைகிறது. இரவுக்கு மிச்சம் வைக்கலாமா?

பரோடா_பெரியம்மா: இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, சீரகம், உருண்டைக் காய்ந்த மிளகாய் சேர், குஜராத்தி தால் வாசனையே அந்தக் கிராம்பு பட்டைதான். நெய்யில் தாளித்தால் இன்னும் நல்லது. மிச்சம் வைக்கலாம், ஆனால் இறுகத்தான் செய்யும். சூடாக்கும்போது வெந்நீர் ஊற்றி இளக்கி, உப்பும் எலுமிச்சையும் பார்த்துச் சேர்த்துக்கொள். பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றாதே.